சாம்பலில் அடுப்பு எரியுமா?

"தண்ணீரை ஊற்று, காரை ஓட்டு!" 2012ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் பாகிஸ்தான் முழுவதும் இதே பேச்சு. சிந்து மாகாணத்துக் கைர்பூரைச் சேர்ந்த ஆகா வக்கார் அகமது என்பவர், தாம் செய்த கருவியைப் பொருத்திவிட்டால் கார் தண்ணீரிலேயே ஓடும் என்றார். இஸ்லாமாபாத்தில், நாடாளுமன்ற உறுப்பினர்களும் மாணவர்களும் பார்த்திருக்க, ஓட்டியும் காட்டினார். கார் ஓடியது. அப்புறம் கேட்பானேன்!

மத விவகாரத் துறை அமைச்சர் குர்ஷீத் ஷா ஆதரவுக் கரம் நீட்டினார். அமைச்சரவை வரை பேச்சு போயிற்று. தொலைக்காட்சியிலே புகழ்மாரி! அந்நாட்டு அணுகுண்டுத் திட்டத்தால் பெயர் பெற்ற அப்துல் காதிர் கானே, இதில் மோசடி ஏதுமில்லை என்று நற்சான்று வழங்கினார். அவ்வளவு பெரியவரே சொல்லிவிட்டார். இனி ஐயம் எதற்கு என்று எண்ணினர் மக்கள்.

அந்த மக்களை எள்ளி நகையாட நமக்கு மனம் வரவில்லை, தோழர்களே! அந்நாளில் அவர்கள் பட்ட பாடு அப்படி. நாளெல்லாம் மின்வெட்டு. எரிவாயு நிலையங்களின் முன் நீண்ட வரிசை. எரிவாயு இல்லாமல் ஆலைகள் நின்றன. ஆலை நின்றால் கூலி ஏது? வாடி நிற்பவனிடம், "உன் வீட்டுக் குழாயிலே வருவதுதான் பெட்ரோல்" என்று ஒருவன் சொன்னால், நம்பத்தானே தோன்றும்! பஞ்சம் எங்கேயோ, அங்கே இத்தகைய புரட்டும் வந்து கடை விரிக்கிறது.

சரி, தண்ணீர் எரியுமா? எரியாது. ஏன்? அது முன்பே எரிந்து முடிந்த பொருள்! ஹைட்ரஜன் வாயு பிராணவாயுவோடு சேர்ந்து எரிந்தால் மிஞ்சுவது தண்ணீர். விறகு எரிந்து சாம்பல் ஆவதுபோல, ஹைட்ரஜன் எரிந்து தண்ணீர் ஆகிறது. சாம்பலை அள்ளிப் போட்டு அடுப்பெரிக்க எவரால் முடியும்?

"மின்சாரத்தைச் செலுத்தித் தண்ணீரைப் பிரிக்கலாமே, வரும் ஹைட்ரஜனை எரிக்கலாமே" என்பர். பிரிக்கலாம், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் செய்து பார்ப்பதுதான். ஆனால் கணக்கு என்ன? ஒரு லிட்டர் தண்ணீரைப் பிரிக்கச் சுமார் 4.4 யூனிட் சக்தி செலவாகிறது. கிடைப்பது 111 கிராம் ஹைட்ரஜன். அதை எரித்தால் திரும்பி வருவது, ஒரு துளியும் வீணாகாவிட்டாலும், அதே 4.4 யூனிட்தான். அதிலும் கார் எஞ்சின் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கைத்தான் சக்கரத்துக்குத் தரும். மற்றதெல்லாம் சூடாகவும் புகையாகவும் போய்விடும். ஆக, நாலே கால் யூனிட்டுக்கு மேல் கொடுத்து ஒரு யூனிட் வாங்குகிற வியாபாரம் இது! அந்த ஒரு யூனிட்டிலே காரும் ஓட வேண்டுமாம். அடுத்த லிட்டரைப் பிரிக்க மின்சாரமும் எடுக்க வேண்டுமாம்! மளிகைக் கடைச் சிறுவனும் சிரிப்பானே!

"அன்று ரயில் நீராவியில் ஓடவில்லையா?" என்று கேட்கும் தோழரும் உண்டு. ஓடியது. ஆனால் ஓட்டியது நிலக்கரி. அதை அள்ளி அள்ளிப் போட்டு வெந்த தொழிலாளியைக் கேளுங்கள், தண்ணீர் ஓட்டியதா நெருப்பு ஓட்டியதா என்று சொல்வான். 2014இல் டொயோட்டா நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த மிராய் என்ற காரோ, வேறிடத்தில் தயாரித்த ஹைட்ரஜனை அடைத்துக்கொண்டு ஓடுவது. அதிலே தண்ணீர், பின்னால் குழாய் வழியே வெளிவருகிற கழிவு!

"எண்ணெய் முதலாளிகள் மறைத்துவிட்டார்கள்" என்பது இன்னொரு கதை. முதலாளிகளுக்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் அமெரிக்காவின் ஓகையோ மாநிலத்து ஸ்டான்லி மேயரின் கதையைப் பாருங்கள். தண்ணீரில் கார் ஓட்டுவேன் என்றவர், காப்புரிமைகளும் பெற்றவர். 1996இல் முதலீட்டாளர்கள் இருவர் வழக்குத் தொடுத்தனர். வல்லுநர்கள் கருவியைச் சோதித்தனர். உள்ளே இருந்தது தண்ணீரைப் பிரிக்கும் பழைய முறையே! மோசடி என்று கூறி, பணத்தைத் திருப்பித் தரச் சொன்னது நீதிமன்றம். அவருடைய காப்புரிமைகள் அச்சிட்டு வெளியிடப்பட்டவை, காலமும் கடந்துவிட்டவை. இன்று எவரும் அதன்படி செய்யலாம். எண்ணெய்க்கு வெளிநாட்டையே நம்பியிருக்கும் ஜப்பான் ஏன் செய்யவில்லை?

அயலாரைச் சொல்லிவிட்டு நம்மை மறக்கலாமா? அதே 1996இல்தான், மூலிகையைத் தண்ணீரிலிட்டுக் காய்ச்சினால் பெட்ரோல் வரும் என்று ராமர் பிள்ளை சொல்ல, தமிழகமே வாய் பிளந்து நின்றது! இருபது ஆண்டு கழித்து, 2016இல், சென்னை நீதிமன்றம் அவருக்கு மூன்றாண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. ஆளுக்கொரு நாடு, ஆளுக்கொரு சரக்கு, ஏமாற்று ஒன்றே!

பாகிஸ்தானிலும் உண்மை பேச ஆளில்லாமல் இல்லை. இயற்பியல் அறிஞர் பர்வேஸ் ஹூட்பாயும், வேதியியல் அறிஞர் அத்தா உர் ரகுமானும், இது இயற்கையின் விதிக்கே மாறானது என்று எடுத்துரைத்தனர். ஆரவாரத்தின் நடுவே அந்தக் குரலுக்குச் செவி சாய்த்தவர் எத்தனை பேர்?

ஒரு கார் ஏமாற்றினால் ஒருவன் பணம் போகும். ஓர் அரசு ஏமாந்தால்? மின் நிலையத்துக்கும், பழுதான மின்கம்பிக்கும், பேருந்துக்கும் விடை சொல்ல வேண்டிய ஆளவந்தார்கள், "மாயக் கருவி வருகிறது, பொறுங்கள்" என்று நாளைக் கடத்த வழி கிடைத்துவிடும்! இருட்டிலே கிடப்பவன் தொழிலாளிதானே?

எனவே தோழர்களே, நாளை உங்கள் ஊர்த் திடலிலும் ஒருவர் குடத்தோடு வந்து கார் ஓட்டிக் காட்டலாம். கார் ஓடியதென்பது அது தண்ணீரால் ஓடியதற்குச் சான்றாகாது. கைதட்டுமுன் கேளுங்கள்: "உள்ளே போகும் சக்தி எத்தனை யூனிட்? வெளியே வருவது எத்தனை? கருவியைத் திறந்து, எங்கள் மெக்கானிக் கையிலே கொடுத்து, ஒரு வாரம் ஓட்டிப் பார்க்க விடுவீரா?" மெய்யாகக் கண்டுபிடித்தவன் மகிழ்ச்சியோடு திறந்து காட்டுவான். மற்றவன் குடத்தைத் தூக்கிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போவான்.