சிந்தெட்டிக் ஆயில் ஊற்றினால் 500 மணி நேரம் ஓட்டலாமா?

''மூன்று ஏக்கரில் நெல் வைத்திருக்கிறேன். 42 ஹெச்.பி டிராக்டர் இருக்கிறது. சொந்த உழவு போக, அக்கம்பக்கத்தில் வாடகைக்கும் ஓட்டுகிறேன். வருஷத்துக்கு 200 மணி நேரம் ஓடினால் அதிகம். 'சிந்தெட்டிக் ஆயில் ஊத்துங்க, 500 மணி நேரத்துக்கு மாத்தவே வேணாம்' என்கிறார் கடைக்காரர். விலை இரண்டு மடங்குக்கு மேல். ஊற்றலாமா? வடித்த பழைய ஆயிலை என்ன செய்வது?''

- வாசகர், மீஞ்சூர்.

உங்கள் வண்டிக்குத் தேவையில்லை. '250 மணி நேரம் அல்லது ஒரு வருஷம், எது முன்னால் வருகிறதோ அப்போது மாற்றுங்கள்' என்பதுதான் உங்களுடையது போன்ற பல டிராக்டர்களின் கையேட்டில் இருக்கும் கணக்கு. 200 மணி நேரம் ஓடும் வண்டிக்கு எந்த ஆயிலை ஊற்றினாலும் வருஷம் ஒருமுறை மாற்றித்தான் ஆக வேண்டும். என்ஜினுக்கு 7 லிட்டர் பிடிக்கும், சாதா ஆயில் லிட்டர் 350 ரூபாய், சிந்தெட்டிக் 800 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 2,450 ரூபாயில் முடிகிற வேலைக்கு 5,600 ரூபாய். வருஷா வருஷம் 3,150 ரூபாய் வீண்.

உங்கள் ஊருக்குப் பக்கத்தில், மணலியில் 1969-ல் ஓடத் தொடங்கிய சுத்திகரிப்பு ஆலையில் டீசல், பெட்ரோல் மட்டுமல்ல, என்ஜின் ஆயிலுக்கான அடிப்படை எண்ணெயும் எடுக்கிறார்கள். கச்சா எண்ணெயிலிருந்து அப்படிப் பிரித்து எடுப்பது சாதா ஆயில். ரசாயன முறையில் மூலக்கூறுகளை ஒரே சீராக மாற்றி அமைப்பது சிந்தெட்டிக். கடும் குளிரில் உறையாது, அதிக வெப்பத்தில் சீக்கிரம் கெடாது. நல்ல பொருள்தான். ஆனால், மார்கழியிலும் மீஞ்சூரில் ஆயில் உறையப்போவதில்லையே!

அதோடு, ஆயிலை மாற்றுவதற்குக் காரணம் எண்ணெய் தேய்ந்துபோவது மட்டுமல்ல. அழுக்கைத் தாங்கவும், அமிலத்தை முறிக்கவும் அதில் சேர்த்திருக்கும் ரசாயனங்கள் ஓட ஓடத் தீர்ந்துவிடும். டீசல் கரி, புழுதி, ஈரம் எல்லாம் அதில் சேரும். ஏர் ஃபில்டர் வழியாக நுழைகிற மண் துகளுக்கு, உள்ளே இருப்பது சாதா ஆயிலா, சிந்தெட்டிக்கா என்று தெரியாது. பிஸ்டன் ரிங்கையும் லைனரையும் தேய்த்துவிடும். 500 மணி நேரம் ஓட்டப்போய் போர் வேலை வந்தால், மிச்சம் பிடித்ததைப்போலப் பல மடங்கு செலவு. வாரன்டி காலத்தில் இருந்தால் அதுவும் போச்சு.

மணி நேரத்தை மீட்டரை மட்டும் பார்த்துக் கணக்கிடாதீர்கள். கேபிளில் ஓடும் பழைய மீட்டர், என்ஜின் வேகத்துக்குத் தகுந்தபடிதான் நகரும். வண்டி சும்மா உறுமிக்கொண்டு ஒரு மணி நேரம் நின்றால், ஏறக்குறைய அரை மணிதான் காட்டும்.

நிறத்தைப் பார்த்தும் முடிவு செய்ய வேண்டாம். டீசல் என்ஜினில் புது ஆயில் சில மணி நேரத்திலேயே கறுத்துவிடும். ஆயில் தன் வேலையைச் செய்கிறது என்றுதான் அதற்குப் பொருள். பயப்பட வேண்டியது வேறு. குச்சியை எடுத்துப் பார்க்கும்போது அளவு ஏறியிருந்தால், டீசலோ தண்ணீரோ உள்ளே கலக்கிறது. சேற்றுழவுக்குப் பிறகு ஆயில் மோர்போல வெளுத்திருந்தால் தண்ணீர்தான். இரண்டு நிலையிலும் வண்டியை ஓட்டாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

உங்கள் பகுதியில் உப்புக்காற்றும் ஈரமும் அதிகம். பழைய ஆயிலோடு வண்டியை மாதக்கணக்கில் நிறுத்தினால், அதிலுள்ள அமிலமும் ஈரமும் உள்ளே அரிக்கும். அதனால், தை அறுவடை முடிந்து வண்டியை நிறுத்துவதற்கு முன்பே மாற்றிவிடுங்கள். பலர் அடுத்த உழவு தொடங்கும்போது மாற்றுகிறார்கள். அது தலைகீழ். பத்து நிமிடம் ஓடவிட்டு, சூடாக இருக்கும்போது வடித்தால் கசடும் சேர்ந்து இறங்கும். ஆயில் ஃபில்டரையும் கூடவே மாற்ற வேண்டும்.

டப்பாவில் 'சிந்தெட்டிக்' என்ற எழுத்தைவிட, 15டபிள்யூ-40 போன்ற அளவும், ஏ.பி.ஐ. சி.ஐ-4 போன்ற தரக் குறியீடும் கையேட்டில் உள்ளபடி இருக்கிறதா என்று பாருங்கள். 2023 ஜனவரிக்குப் பிறகு வந்த, 50 ஹெச்.பி-க்கு மேற்பட்ட டிராக்டர்களுக்குப் புகை விதிகள் மாறிவிட்டன. அவற்றில் புகைத்துகள் வடிகட்டி இருந்தால், சாம்பல் குறைந்த ஆயில்தான் ஊற்ற வேண்டும். அங்கே விலையைப் பார்க்கக் கூடாது. அப்போதும் மாற்றும் கணக்கு கையேடு சொல்வதுதான், கடைக்காரர் சொல்வதல்ல.

பழைய ஆயிலைக் கரையானுக்கு ஊற்றுவதும், கொசுவுக்காக வாய்க்காலில் விடுவதும் வேண்டாம். ஓடித் தேய்ந்த உலோகத் துகள்கள் அதில் இருக்கின்றன. மீஞ்சூரின் நிலத்தடி நீரில் ஏற்கெனவே கடல்நீர் புகுந்திருக்கிறது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவி மீனவர்கள் பட்ட பாட்டையும் பார்த்தீர்கள். சட்டப்படியும் இது அபாயக் கழிவு. மூடியுள்ள கேனில் பிடித்து, அனுமதி பெற்ற சேகரிப்பாளருக்குக் கொடுக்கும் சர்வீஸ் சென்டரில் ஒப்படையுங்கள். டீசலோ தண்ணீரோ கலந்தால் மறுசுத்திகரிப்புக்கு ஆகாது. பழைய ஃபில்டரை ஒரு நாள் கவிழ்த்து வடித்துவிட்டு, அதையும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.