மனநோயாளிக்கும் 108 வர வேண்டும்

நெஞ்சுவலி என்றால் உடனே 108-ஐ அழைக்கிறோம். வீட்டில் ஒருவர் மனநோயின் தீவிரத்தில் தன்னிலை இழந்து அலறும்போது பல ஊர்களில் முதலில் தேடுவது வாடகை வேனையும் கைகாலைப் பிடித்துக்கொள்ள நாலு ஆட்களையும்தான். சில வீடுகளில் கயிறும் வருகிறது. 2017-இல் நிறைவேறிய மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 21-ஆவது பிரிவோ, உடல்நோயாளிக்குக் கிடைக்கும் அதே முறையில், அதே அளவில், அதே தரத்தில் மனநோயாளிக்கும் ஆம்புலன்ஸ் கிடைக்க வேண்டும் என்கிறது. அவசர சிகிச்சையிலும் மருத்துவக் காப்பீட்டிலும் இருவரையும் சமமாக நடத்தச் சொல்வதும் அதே பிரிவுதான்.

இந்தச் சமத்துவம் இல்லாமல் போனதன் விலை தமிழ்நாட்டுக்கு நன்றாகவே தெரியும். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களால் தப்பி ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். சங்கிலியால் பிணைப்பதை இன்றைய சட்டம் தடை செய்திருக்கிறது. ஆனால், நோயாளிகளை அங்கே கொண்டுபோய்விட்ட குடும்பங்களை மட்டும் குற்றம் சொல்வது நியாயமில்லை. எட்டும் தூரத்தில் சிகிச்சை இருந்திருந்தால் அவர்களில் பலர் அவ்வளவு தூரம் போயிருக்க மாட்டார்கள் என்றே நான் நம்புகிறேன்.

எட்டும் தூரம் என்பதுதான் இன்றைக்கும் பிரச்சினை. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16-இல் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, நோயின் வகையைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் பேருக்குச் சிகிச்சையே கிடைக்கவில்லை. சட்டத்திலும் ஒரு குறை இருக்கிறது. அத்தியாவசிய மனநல மருந்துகளை இலவசமாகத் தர வேண்டும் என்று சொல்லும் அது, அந்தக் கடமையைச் சமுதாய சுகாதார மையத்திலிருந்துதான் தொடங்குகிறது. கிராமத்து ஏழை முதலில் போய் நிற்கும் ஆரம்ப சுகாதார நிலையம் அதற்குக் கீழே இருக்கிறது!

மனச்சிதைவு நோய்க்கு மாதக்கணக்கில், பலருக்கு ஆண்டுக்கணக்கில் மாத்திரை தேவை. நடுவில் நின்றால் நோய் திரும்பிவிடும். அந்த மாத்திரைக்காக நகரத்துக்குப் பேருந்து ஏறினால் நோயாளிக்கும் துணைக்கு வருபவருக்கும் அன்றைய கூலி போய்விடும். இப்படித்தான் பலருக்கு மருந்து நின்றுபோகிறது. ஊரோ ‘அவனுக்கு இது குணமாகாது’ என்று தீர்ப்பு எழுதிவிடுகிறது.

14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இலவச ஆலோசனை கிடைப்பது நல்ல தொடக்கம். ஆனால் தொடர் சிகிச்சைக்கு மருந்து கைக்கு வந்து சேர வேண்டும். அதற்கான வழியும் நம்மிடமே இருக்கிறது. 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறது. எல்லா ஊர்களுக்கும் மனநல நிபுணர் கிடைக்க மாட்டார் என்பது உண்மைதான். நிபுணர் நோயைக் கண்டறிந்து மருந்தை முடிவு செய்துவிட்டால், பயிற்சி பெற்ற ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் சிகிச்சையைத் தொடரலாம். பக்க விளைவுகளைக் கிராம சுகாதார செவிலியர் கவனித்துச் சொல்லலாம்.

இதற்குச் சட்டத் திருத்தம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அத்தியாவசிய மனநல மருந்துகள் எல்லா ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் தட்டுப்பாடின்றி இருக்க வேண்டும் என்றும், வீடு தேடிப் போகும் மருந்துப் பையில் அவற்றுக்கும் இடம் வேண்டும் என்றும் மாநில அரசே ஆணை பிறப்பிக்கலாம். அந்த ஆணையை அரசு இந்த நிதியாண்டிலேயே பிறப்பிக்க வேண்டும்.