ஓகேனக்கல் ஏற்றத்தில் ஓட்டிப் பாருங்கள்

பென்னாகரத்து இளைஞர்களுக்கு போலோ ஜிடி டிஎஸ்ஐ கார் மேல் இருக்கும் ஆசை நியாயமானது. 2013-இல் வந்த 1.2 லிட்டர் டர்போ, 105 குதிரைத்திறன், ஏழு கியர் டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக். இந்தியாவில் போலோ தயாரிப்பு 2022-இல் நின்றுவிட்டது; இனி வாங்கினால் பழைய வண்டிதான். ஆனால் லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிய வண்டியை பெயிண்ட் பளபளப்பைப் பார்த்து வாங்காதீர்கள். மீட்டரைத் திருப்பிவிடலாம், சர்வீஸ் பில்களை வரிசையாகக் கேளுங்கள். காலையில் இன்ஜின் ஆறிக் கிடக்கும்போது போங்கள். முன்பே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லித் திரும்பிவிடுங்கள். நீலப்புகை வந்தால் இன்ஜினோ டர்போவோ ஆயில் குடிக்கிறது.

பிறகு ஓகேனக்கல் சாலைக்கு எடுத்துப் போங்கள். இறக்கத்தில் பிரேக்கும் சஸ்பென்ஷனும் தம் நிலையைச் சொல்லிவிடும். திரும்பும் ஏற்றம்தான் எனக்கு முக்கியம். அகலமான ஓரத்தில் நிறுத்தி, மெதுவாக நகர்த்துங்கள். முதல் கியரிலிருந்து இரண்டுக்குப் போகும்போது வண்டி உதறினால் உலர் கிளட்ச் தேய்ந்திருக்கலாம். கியரை இயக்கும் மெக்கட்ரானிக்ஸும் போயிருந்தால் செலவு லட்சத்தைத் தாண்டும். கூலன்ட் குறைகிறதா, இன்ஜினை ரீமேப் செய்திருக்கிறார்களா என்பதையும் நம்பகமான மெக்கானிக்கிடம் காட்டி, ஸ்கேனரும் போட்டுப் பாருங்கள்; அந்தக் கூலிக்குக் கணக்குப் பார்ப்பது எனக்குச் சற்றும் பிடிக்காது.

பெங்களூரு வண்டி என்றால் தடையில்லாச் சான்று (என்ஓசி) வேண்டும், வங்கிக் கடன் அடைந்த சான்று வேண்டும், தமிழ்நாட்டு ஆயுள் வரியும் கட்ட வேண்டும். நம் மாவட்டத்து டிஎன் 29 எண் வாங்கும் அந்தச் செலவை விலையில் கழித்தே பேசுங்கள்.