குறைமாதக் குழந்தையின் வெள்ளணுக்கள்

கர்ப்பத்தில் 37 வாரம் நிறையுமுன் பிறக்கும் சிசுவுக்கு இரத்தப் பரிசோதனை செய்வது வழக்கம். சீட்டில் வெள்ளணுக்கள் 20,000 என்று கண்டதும் பெற்றோர் கதிகலங்குகின்றனர். 4,000 முதல் 11,000 வரை என்பது பெரியவர்களுக்கு உரிய அளவுகோல். பிறந்த முதல் நாளில் நிறைமாதக் குழந்தைக்கே ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் 9,000 முதல் 30,000 வரை இருத்தல் இயல்பாகும். குறைமாதக் குழந்தைக்குச் சராசரி சற்றுக் குறைவு.

சில சிசுக்களுக்கு இத்தொகை 50,000-க்கும் மேலே ஏறிவிடும். உடனே இரத்தப் புற்றுநோயோ என்று அஞ்ச வேண்டுவதில்லை. கருப்பையில் சிசுவைச் சூழ்ந்த சவ்வில் கிருமி பரவியிருந்தாலும் அவ்வாறு ஏறலாம். சிசுவின் நுரையீரல் முதிர்வதற்காகப் பிரசவத்துக்கு முன் தாய்க்குப் போடும் ஸ்டீராய்டு ஊசியும் காரணமாகலாம். நியூஸிலாந்தின் லிகின்ஸ், ஹோவி என்னும் இருவர் 1972-இல் வெளியிட்ட ஆராய்ச்சியே அவ்வூசிக்கு வழிகாட்டியது.

தொகை குறைவதே பெரும்பாலும் அதிகக் கவலைக்குரியது. கிருமிகளை விழுங்கும் நியூட்ரோபில் அணுக்கள் எலும்பு மஜ்ஜையில் சேமிக்கப்படுகின்றன. குறைமாதக் குழந்தையிடம் அச்சேமிப்பு மிகச் சிறிது. கடுமையான தொற்று வந்தால் விரைவில் தீர்ந்துபோம். எனினும், கர்ப்ப காலத்தில் தாய்க்கு இரத்த அழுத்தம் மிகுந்திருந்தாலும் இவ்வணுக்கள் குறைவதுண்டு. அக்குறை பெரும்பாலும் சில நாட்களில் தானே நீங்கும்.

ஆகவே ஒரே தொகையைக் கொண்டு தீர்ப்புக் கூறலாகாது. ஒரு பரீட்சையின் மதிப்பெண்ணால் மாணவனை அளந்துவிட முடியுமா? தொற்றின் ஆரம்பத்தில் எண்ணிக்கை இயல்பாகவே தோன்றக்கூடும். அதனால் வைத்தியர்கள் சில மணி நேரம் கழித்து மறுபடி சோதிக்கின்றனர். நியூட்ரோபில்களில் முதிராதவை ஐந்தில் ஒரு பங்குக்கு மேற்பட்டால் சந்தேகம் வலுக்கிறது. இரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்றும் பார்க்கின்றனர். முடிவு வருமுன்பே மருந்து தொடங்குவதும் உண்டு. தாமதம் உயிருக்கே ஆபத்தாகலாம்.

பெற்றோர் செய்யத்தக்கவை சில. குழந்தையைத் தொடுமுன் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுங்கள். இயன்றவரை தாய்ப்பாலே கொடுங்கள். வீடு திரும்பிய பின் குழந்தை பால் குடிக்க மறுத்தாலும், உடல் சில்லிட்டாலும் கொதித்தாலும், சோர்ந்து கிடந்தாலும், மூச்சுத் திணறினாலும் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். முந்திய சீட்டு நன்றாக இருந்ததே என்று விடியும்வரை காத்திராதீர்கள்.