ஒயரைத் தாங்கும் கிளிப்



புது வீடு கட்டுவோர் விளக்கையும் மின்விசிறியையும் கடை கடையாக ஏறி இறங்கித் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒயரையும் தரமானதாகவே வாங்குகிறார்கள். அந்த ஒயரைச் சுவரோடு பிடித்து நிறுத்தும் சிறிய கிளிப்பைப் பற்றி எவரும் கேட்பதில்லை.

தாங்கலின்றித் தொங்கும் ஒயரின் பாரம் அதன் முனைகளில் விழுகிறது. சுவிட்ச் போர்டில் திருகாணியால் இறுக்கப்பட்ட அம்முனை, இழுபட இழுபடத் தளரும். தளர்ந்த இணைப்பில் மின்சாரம் பாயும்போது சூடு பிறக்கும், மேலுறை கருகும். வீடு தீப்பற்ற இதுவே போதுமானது.

ஆகவேதான் இதற்கென அளவுகள் வகுக்கப்பட்டன. நம் நாட்டில் ஐ.எஸ். 732 என்னும் நெறிமுறையை ஒட்டிக் கடைப்பிடிக்கப்பட்டு வருபவை இவை: மரச்சட்டத்தின் மேல் ஒயர் ஓட்டும் பழைய முறையில், கிடையாகச் செல்லும்போது 10 செ.மீ.க்கு ஒரு கிளிப். செங்குத்தாகச் செல்லும்போது 15 செ.மீ.க்கு ஒன்று. சுவரின் மேல் செல்லும் இரும்புக் குழாய்க்கு 1 மீட்டருக்கு மிகாமல் ஒரு சேடில். வளைவின் இரு பக்கமும் 30 செ.மீ. தொலைவில் ஒவ்வொன்று. பிளாஸ்டிக் குழாய் எளிதில் தொய்யும் என்பதால் அதற்கு 60 செ.மீ.க்கு ஒன்று.

பிடிமானம் எதனால் ஆனது என்பதும் முக்கியம். இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் நகரில் 2010 ஏப்ரலில் அடுக்குமாடிக் கட்டடம் ஒன்று தீப்பற்றியது. பிளாஸ்டிக் பிடிமானங்கள் உருகி, ஒயர்கள் மேலிருந்து சரிந்து தொங்கின. உள்ளே சென்ற தீயணைப்பு வீரர்கள் அவற்றில் சிக்கினர், இருவர் உயிரிழந்தனர். இத்தகைய விபத்துகளின் படிப்பினையாக, தீயில் ஒயர்கள் விரைவில் சரிந்து விழாதவாறு தாங்கப்பட வேண்டும் என்ற விதியை அந்நாடு 2018-இல் கட்டடம் முழுமைக்கும் விரிவுபடுத்தியது.

அப்படியானால் இரும்புக் கிளிப் போதுமா? கோவளம் போன்ற கடலோர ஊர்களில் போதாது. உப்புக் காற்று சன்னல் கம்பியையே அரிக்கிறது. மெல்லிய ஆணி எம்மாத்திரம்? 2022 டிசம்பர் 9 இரவு மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்த மாண்டஸ் போன்ற புயல் வீசும்போது, துருவேறிய ஆணி ஒயரைக் கைவிட்டுவிடும். வெயிலில் காயும் பிளாஸ்டிக் கிளிப்போ நொறுங்கிப் போகும். வெளிச்சுவருக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கிளிப்பே ஏற்றது. விலை சற்றுக் கூடுதல்தான். உயிரின் விலையோ மிகப் பெரிது.

தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் சர்வீஸ் ஒயரைத் தாங்கி வரும் இரும்புக் கம்பியில் துணி உலர்த்தாதீர்கள்; கொடியையும் அதனருகே கட்டாதீர்கள். ஒயரின் உறை உராய்ந்து தேய்ந்திருந்தால் அக்கம்பியிலும் மின்சாரம் பாயும். திருமண வீட்டில் சீரியல் விளக்குகளை இரும்புக் கேட்டில் சுற்றுவதும் இதே ஆபத்துடையது.

மழைக்காலம் தொடங்குமுன் ஒருமுறை வீட்டைச் சுற்றி வாருங்கள். தொங்கும் ஒயர், துருவேறிய ஆணி, உடைந்த கிளிப் எதையேனும் கண்டால் நீங்களே கை வைக்காமல், உரிமம் பெற்ற மின்பணியாளரை அழையுங்கள். அவர் வந்து மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுச் சரிசெய்யட்டும். ஒரு மணி நேர வேலை. வீட்டிலுள்ள பிள்ளைகள் அச்சமின்றி நடமாடுவார்கள்.