அன்னக்கிளிக்கு முன் தேவிகுளம்

1976இல் வெளிவந்த ‘அன்னக்கிளி’ இசைத்தட்டைப் பற்றி எழுதுவோர் பலர், வயல்வெளியின் பாட்டு அன்றுதான் திரையிசைக்குள் நுழைந்தது போல எழுதுகின்றனர். இளையராஜாவின் மேதைமை மறுக்க முடியாதது. ஆனால் அந்த இசை எந்த மேடையில் பழகிப் பக்குவப்பட்டது என்ற கேள்வியை அவர்கள் எழுப்புவதில்லை.

1957இல் கேரளத்தில் அமைந்த ஈ.எம்.எஸ். அரசுக்கு 126 இடங்களில் கட்சியின் 60 பேரும் ஆதரவு சுயேச்சைகள் ஐவரும் மட்டுமே இருந்தனர். தேவிகுளத்தில் தோழர் ரோசம்மா புன்னூஸ் பெற்ற வெற்றியை நீதிமன்றம் செல்லாது என்றதும், 1958 இடைத்தேர்தல் அரசின் உயிர்ப் பிரச்சினையாயிற்று. வாக்காளர்களில் பெரும்பகுதியினர் தேயிலைத் தோட்டத் தமிழ்த் தொழிலாளர்கள். மாநிலப் பிரிப்பில் தாலுகா கேரளத்திலேயே வைக்கப்பட்டு இரண்டாண்டுகூட ஆகாத நேரம். மொழி மனத்தாங்கல் ஆறவில்லை. மலையடிவாரத்துப் பண்ணைப்புரத்திலிருந்து பாவலர் வரதராசன் ஆர்மோனியத்தோடு ஏறிச் சென்றது அங்குதான். மக்கள் வாயில் புழங்கிய சினிமா மெட்டுக்கு அரசியல் சொற்களைப் பொருத்துவது அவர் முறை. கூலியும் லயன் வீடும் கங்காணியும் பாட்டாயின. ரோசம்மா மீண்டும் வென்றார். அண்ணனின் குழுவில் சிறுவனாகச் சேர்ந்து, குரல் உடையும்வரை பெண்குரலில் பாடியவரே பின்னாளைய இளையராஜா.

லண்டனில் 1977இல் பிங்க் ஃபிளாய்ட் குழு, முதலாளித்துவ சமூகத்தைப் பன்றி, நாய், ஆடு என உருவகித்து ‘அனிமல்ஸ்’ என்ற இசைத்தொகுப்பை வெளியிட்டது. 2022இல் அது புதிய ஒலிக்கலவையுடன் மீண்டும் விற்பனைக்கு வந்தது. எதிர்ப்பையும் சரக்காக்கிப் பாதுகாக்கச் சந்தைக்குத் தெரியும். பாவலரின் பாடல்களைப் பாதுகாக்க எந்தச் சந்தையும் வராது. அது இயக்கத்தின் வேலை. அந்த வேலையில் இயக்கம் காட்டிய அக்கறை போதாது என்பதை ஒப்புக்கொள்வதில் தயக்கம் தேவையில்லை. 1973இல் பாவலர் மறைந்தார். அவர் பாட்டைக் கேட்டு வாக்களித்த தலைமுறையில் உயிரோடிருப்போர் தொண்ணூறை நெருங்குகின்றனர்.

2015 செப்டம்பரில் மூணாறில் போனஸுக்காகத் தெருவில் அமர்ந்த பெண் தொழிலாளர்கள், தொழிற்சங்கத் தலைவர்களையே ஒதுக்கிவிட்டுத் தாமே முழக்கங்களைக் கட்டினர். தாளம் அவர்களிடம் இருந்தது. சங்க மேடைகளில்தான் நீண்ட காலமாகப் பேச்சு மட்டுமே மிஞ்சியிருந்தது. பண்ணைப்புரத்திலும் தேவிகுளம் லயன்களிலும் முதியோர் நினைவிலுள்ள அடிகளைக் கைபேசியில் பதிவு செய்ய மாநாட்டுத் தீர்மானம் வேண்டியதில்லை. ஒரு கிளை முடிவெடுத்தால், அடுத்த ஞாயிற்றுக்கிழமையே தொடங்கலாம்.