முதலீட்டை இழுக்கும் பட்டறைகள்

பாடியிலிருந்து திருவள்ளூர் நெடுஞ்சாலையில் அம்பத்தூரை நோக்கிப் போகும்போது, மண்ணூர்பேட்டையை ஒட்டி விரிகிறது அம்பத்தூர் தொழிற்பேட்டை. கிண்டி தொழிற்பேட்டைக்குச் சில ஆண்டுகள் கழித்து, 1964இல் மாநில அரசு இதை அமைத்தது. ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட பரப்பு. பெரும்பாலும் சிறு பட்டறைகள்.

இங்கே சரக்கு வாங்குபவர்கள் முன்பே இருந்தார்கள். 1949இல் தொடங்கப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூரிலேயே இருந்தது. பெரம்பூரில் 1955 முதல் ரயில் பெட்டித் தொழிற்சாலை. 1960களின் தொடக்கத்தில் பாடியில் லூகாஸ் டிவிஎஸ், சுந்தரம் கிளேட்டன் போன்ற வாகன உதிரிபாக ஆலைகளும், ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும் வந்தன. வேலை கொடுக்கும் ஆலைகளுக்குப் பக்கத்திலேயே மனை ஒதுக்கியதுதான் பேட்டை பிழைத்ததன் சூட்சுமம். வெறும் மனையும் மானியமும் கொடுத்த எத்தனையோ பேட்டைகளில் இன்றும் முள்செடிதான் விளைகிறது.

பட்டறைகள் அடுத்தடுத்து இருப்பதன் பலனும் ஒரு ஷாஃப்ட் உருவாவதைப் பார்த்தால் விளங்கும். ஒரு ஷெட்டில் லேத்தில் கடைகிறார்கள், அடுத்த தெருவில் ஹீட் ட்ரீட்மென்ட், அங்கிருந்து கிரைண்டிங், பிறகு பிளேட்டிங். கட்டத்துக்கு ஒரு டெலிவரி சலான், ஏற்றிச் செல்ல ஒரு ‘குட்டி யானை’ மினி லாரி. அளவு ஒரு நூல் பிசகினாலும் ஆளையே நேரில் அனுப்பி மாலைக்குள் சரிசெய்துவிடலாம். எந்தப் பட்டறையும் எல்லா இயந்திரத்தையும் வாங்கி வைக்க வேண்டியதில்லை. 1990களில் ஃபோர்டும் ஹூண்டாயும் சென்னையைத் தேர்ந்தெடுத்தபோது துறைமுகம், சலுகைகளோடு இந்த உதிரிபாக வலையும் கணக்கில் இருந்தது. ஹூண்டாய் தன் கொரிய சப்ளையர்களையும் கூட்டி வந்தது வேறு கதை.

முதலீட்டை இழுக்கத் தமிழக அரசு நடத்தும் உலக முதலீட்டாளர் மாநாடுகளின் கணக்கு வேறு மாதிரி. 2015இல் 2.42 லட்சம் கோடி ரூபாய், 2024 ஜனவரியில் 6.64 லட்சம் கோடி என்று புரிந்துணர்வு ஒப்பந்தங்களின் தொகை ஏறிக்கொண்டே போகிறது. ஒப்பந்தம் ஆலையாக மாறப் பல ஆண்டுகள் ஆகும், சில மாறுவதேயில்லை. பேட்டைக்காரர்கள் செய்யும் விளம்பரம் இதைவிட அடக்கமானது, ஒருவேளை பலன் மிகுந்தது. அம்பத்தூர் தொழிற்பேட்டை உற்பத்தியாளர் சங்கமான ஐமா, இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ‘அக்மி’ என்ற இயந்திரக் கருவிக் கண்காட்சியை நந்தம்பாக்கத்தில் நடத்துகிறது. இயந்திரம் விற்பவரும் வாங்கும் பட்டறைக்காரரும் அங்கே நேருக்கு நேர் பேரம் பேசுகிறார்கள்.

இருப்பவர்களைத் தக்கவைப்பதில்தான் சறுக்கல். சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்கிறது 2006ஆம் ஆண்டுச் சட்டம். பணம் தாமதமானாலும், ஆர்டர் போய்விடுமோ என்ற பயத்தில் புகார் கொடுப்பவர் குறைவு. 2022இல் மின்கட்டணம் உயர்ந்தது. நிலைக்கட்டணத்தையும் உச்சநேரக் கட்டணத்தையும் எதிர்த்து 2023 செப்டம்பர் 25 அன்று மாநிலமெங்கும் சிறுதொழில் கூடங்கள் ஒருநாள் கதவடைத்தன. 2011இல் அம்பத்தூர் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. அது வெள்ளத்திலிருந்து காக்கவில்லை; 2015 டிசம்பர் வெள்ளத்தில் ஷெட்டுகளுக்குள் தண்ணீர் புகுந்து இயந்திரங்கள் நாசமாயின.

இப்போது நிலத்தின் விலையே போட்டியாளர். தகவல் தொழில்நுட்பப் பூங்காக்கள் பேட்டைக்குள் எழுந்த பிறகு, லேத் ஓட்டிச் சம்பாதிப்பதைவிட இடத்தை வாடகைக்கு விடுவது லாபம் என்ற கணக்கு அடுத்த தலைமுறைக்கு எளிதில் புரிகிறது. அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் பிளேட்டிங் ஷெட் ஒன்று மூடினால், அதை நம்பிய பத்துப் பட்டறைகளின் சரக்கு ஊர் தாண்டிப் போக வேண்டும். திருவள்ளூர் பக்கம் காக்களூர் போன்ற, அரசின் சிறுதொழில் வளர்ச்சிக் கழகமான சிட்கோவின் பேட்டைகளில் மாற்று மனை கொடுப்பதானாலும், கடைசல்காரரோடு ஹீட் ட்ரீட்மென்ட்டும் பிளேட்டிங்கும் சேர்ந்து பெயர வழி செய்தாக வேண்டும்.